போடாத ஊசி

அந்தப் பையை எடுத்துக்கிறேன், உக்காருங்க சார். தாராளமா உக்காருங்க. நீங்களும் போர்ட் பிளேர் பிளைட்டுதானா? அப்ப உங்களுக்கும் மெசேஜ் வந்திருக்குமே. பத்து இருபதுக்குக் கிளம்ப வேண்டியது ஒண்ணே முக்காலுக்காம். சிரமத்துக்கு வருந்துறோம்னு கடைசியில ஒரு வரி. நாம ஒரு நிமிஷம் பிந்தினா டிக்கெட் காசு அம்போ, அவன் மூணரை மணி நேரம் பிந்தினா ஒரு வரி வருத்தம். நல்லா இருக்கு இல்ல?

வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறாரே, அவர்கிட்ட ரெண்டு தடவை போய்க் கேட்டுட்டேன். உள்ள போயிட்டா திரும்ப வெளிய விடமாட்டாராம். அதான் இந்தப் பெஞ்சே போதும்னு வந்துட்டேன். நேரம் என்னா சார் ஆவுது? ஒன்பதே காலா? என் வாட்சும் அதான் காட்டுது. சும்மா கேட்டேன்.

நான் தணிகாசலம். மதுராந்தகத்துல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். கரிஞ்சுபோன மோட்டாரைக் கொண்டாந்து போட்டீங்கன்னா பழைய கம்பியைப் பிரிச்சுட்டுப் புதுசா சுத்திக் குடுப்பேன். இருபத்தாறு வருஷமா அதான் தொழில். இந்தப் பை ஏழு கிலோவுக்கு மேல போவக் கூடாதுன்னாங்க. கடையில காப்பர் கம்பி நிறுக்கிற தராசுலயே வச்சு நிறுத்துட்டு வந்தேன். ஆறு எழுநூத்தம்பது. அவன் மிஷின் என்னா சொல்லுதுன்னு பாப்போம். ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு, தண்ணிக்குத் தனிக் காசு. மலிவு டிக்கெட்டுன்னு பேரு. ஒண்ணொண்ணா எல்லாத்தையும் கழிச்சிட்டு வெறும் உடம்பை மட்டும் தூக்கிட்டுப் போறான்.

நாளைக்குக் காலையில ஒன்பதுக்கு முகூர்த்தம் சார். என் தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். நீங்க எந்தப் பக்கம்? திருச்சியா? அப்ப உங்களுக்குச் சொல்லவே வேணாம். மாமன் மடியில உக்கார வச்சு மொட்டை அடிச்சு, மாமன் மடியில உக்கார வச்சுக் காது குத்தணும். மாமன் சீர் கொண்டாராம இருந்தாக்கூட மன்னிச்சு விட்டுடுவாங்க. மடி இல்லைன்னா எப்படி? நாளைக்கு அந்த மடி எனக்கு இருக்கணும். அதுக்குத்தான் சார் இந்தப் பாடு எல்லாம்.

ஒரே தங்கச்சி. பூங்கோதைன்னு பேரு. எனக்கும் அதுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். அதுக்கு மூணு வயசு ஆவும்போது எங்கம்மா போயிட்டாங்க. தலை வாரி விட்டதுலேருந்து எல்லாம் நான்தான். மாப்பிள்ளை குணாளன், நல்ல பையன், போர்ட் பிளேர்ல கப்பல் மெக்கானிக். கல்யாணம் பண்ணிக் கடல் தாண்டி அனுப்பும்போது அதுகிட்ட சொன்னேன், 'உனக்குப் பொறக்குற முதல் குழந்தைக்கு என் மடியிலதான் காது குத்தணும், எங்க இருந்தாலும் வருவேன்'னு. வரலை சார். வர விடலை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கொரோனா காலம் ஞாபகம் இருக்கில்ல? ஊசி வந்துச்சே. உங்களை ஒண்ணும் கேக்கலை, நீங்க போட்டிருப்பீங்க, அது உங்க இஷ்டம். நான் போடலை. என் சிநேகிதன் கன்னியப்பன் ஊசி போட்டுக்கிட்டு வந்த ஒன்பதாம் நாள் கடை வாசல்லயே விழுந்து செத்தான். மாரடைப்புன்னு டாக்டர் சொல்றாரு. அவன் தினம் ஒரு குவார்ட்டர் அடிக்கிறவன், பீடி கட்டு கட்டா ஊதுறவன், அதெல்லாம் சரி. ஆனா இருபது வருஷமா அடிச்சப்ப விழாதவன் அன்னைக்கு ஏன் விழணும்? நான் டாக்டர் இல்லை, எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணை என் உடம்புல ஏத்திக்க மாட்டேன்னு சொன்னேன், அவ்வளவுதான். சொல்லக் கூடாதா?

அப்புறம் பாத்தா எங்க போனாலும் போர்டு. ஊசி போடாதவங்களுக்கு மார்க்கெட்டுக்குள்ள அனுமதி இல்லை. ஊசி போடாதவங்களுக்குக் கல்யாண மண்டபத்துல அனுமதி இல்லை. நான் சுத்திக் குடுத்த மோட்டார்ல தண்ணி ஏத்துற ஓட்டல்ல என்னையே உள்ள விடமாட்டேன்றான் சார். அதுதான் எனக்கு ஆத்திரம். நாங்க நாப்பத்தி மூணு பேரு சேர்ந்து வாட்ஸப்ல ஒரு குரூப் ஆரம்பிச்சோம். 'என் உடல் என் முடிவு'ன்னு பேரு. நான்தான் அட்மின். தாலுகா ஆபீஸ் எதிர்ல ரெண்டு நாள் அட்டை பிடிச்சுக்கிட்டு நின்னோம். முதல் நாள் பத்தொன்பது பேரு, ரெண்டாம் நாள் ஆறு பேரு. எண்ணிக்கை முக்கியமா சார்? நியாயம்தான் முக்கியம்.

கொஞ்சம் இருங்க. அந்த போர்டுல நம்ம பிளைட் நம்பர் மாறுது பாருங்க. இல்ல, அது பெங்களூர். சரி விடுங்க.

இந்தச் சமயத்துலதான் பூங்கோதை போன் பண்ணுது. பொண்ணு தாரணிக்கு வர்ற தை மாசம் காதுகுத்து, நீ வரணும் அண்ணா, இங்க வந்து இறங்கணும்னா ரெண்டு ஊசி போட்ட சீட்டு கேக்கறாங்க, இல்லைன்னா டெஸ்ட் எடுத்த சீட்டு வேணும், உனக்கு எது சவுகரியமோ அதைப் பண்ணுன்னு சொல்லுது. 'ரெண்டும் சவுகரியம் இல்லை'ன்னேன். டெஸ்ட்டுன்னா மூக்குல குச்சி விட்டு ஆட்டுவான். ஊசிக்குத் தலைகுனியாதவன் குச்சிக்குத் தலை தூக்கிக் காட்டணுமா? அது, 'டிக்கெட்டையாவது எடு, அப்புறம் பாத்துக்கலாம்'னுச்சு. அப்ப ஏதோ தள்ளுபடி விலையில டிக்கெட் போட்டாங்க. ரத்து பண்ணா ஒரு பைசா திரும்ப வராத டிக்கெட். எடுத்துட்டேன். அதுக்குள்ள இந்தக் கட்டுப்பாடெல்லாம் எடுத்துடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை.

மார்கழி மாசம் சார். ஞாயித்துக்கிழமை, ஊரெல்லாம் மெகா முகாம் நடக்குது, மைக்ல கூப்புடுறாங்க. நான் கடையில ஒரு அஞ்சு எச்பி மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். போன்ல மெசேஜ். 'அன்புள்ள தணிகாசலம், உங்களுக்கு இரண்டாவது தவணை தடுப்பூசி வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. கையைப் பாத்துக்கிட்டேன் சார், நிஜமா, ரெண்டு தோளையும் தடவிப் பாத்துக்கிட்டேன். ரெண்டாவதுன்னா முதல் ஒண்ணு எப்ப? தேடினா அதுவும் இருக்கு, மூணு மாசம் முன்னாடி, லோன் வேணுமான்னு வர்ற குப்பைக்கு நடுவுல.

வீட்டுக்கு ஓடி வந்து மல்லிகாகிட்ட காட்டினேன். மல்லிகா என் சம்சாரம். அவ ஒண்ணும் பதறலை. 'இன்னா இப்ப? கம்முனு இரு. ஊசியும் குத்தலை, சீட்டும் வந்துடுச்சு. போயி பொண்ணை மடியில வச்சிக்கினு வா'ன்னா. 'அது பொய்டீ'ன்னேன். 'யாருக்கு நஷ்டம்'ன்னா.

யாருக்கு நஷ்டமா? எப்படிப் பேசறா பாருங்க! நான் ஊர் பூரா போடாதவன்னு சொல்லிட்டுத் திரியறேன், நாப்பத்தி மூணு பேருக்கு அட்மினு, என்னையே போட்டவன்னு கணக்குல ஏத்திட்டா அது எனக்கு நஷ்டம் இல்லையா? மறுநாளே திங்கக்கிழமை. செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்குற நாள். போனேன். என் மேல பொய்யா ஊசி போட்டதா எழுதிட்டாங்க, ரத்து பண்ணணும், எழுதினவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னு மனு. பத்திரிகைக்காரங்க போட்டோ எடுத்தாங்க. மனுவை நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இன்னும் போன்ல இருக்கு. பாக்கறீங்களா? அப்புறம் காட்டறேன்.

விசாரணை வச்சாங்க. எழுதினது எங்க ஊர் நர்சம்மா. அமலோற்பவம்னு பேரு. முப்பது வருஷமா எங்க ஊர்ல வீடு வீடாப் போற நர்சு. பூங்கோதைக்கு அவங்க கையாலதான் எல்லா ஊசியும். நானே இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டுப் போயிருக்கேன். அதெல்லாம் வேற ஊசி சார், அதை இதோட சேக்கக் கூடாது.

பெரிய ஆபீசரு உக்காந்திருக்காரு, டாக்டர் உக்காந்திருக்காரு, நர்சம்மா நிக்கிறாங்க. என்னைப் பாத்ததும், 'நல்லா இருக்கியா தணிகாசலம்? தங்கச்சி நல்லா இருக்கா?'ன்னு கேக்கறாங்க. நக்கல்னு நினைச்சேன். ஆபீசரு கேட்டாரு, 'யாராச்சும் சொல்லி எழுதினீங்களா?' அவங்க சொன்னாங்க, 'யாரும் சொல்லலை சார். இத்தனை பேருக்குப் போட்டே ஆவணும்னு மேலேருந்து நெருக்கறாங்க. நானா எழுதினேன். என் தப்புதான்.' கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நாலு மாசம் சஸ்பெண்டு. அடுத்த மாசம் வரவேண்டிய பிரமோஷன் அதோட போச்சு. அவங்க அப்படியே ரிட்டயர் ஆனாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். எனக்கும் சங்கடம்தான். ஆனா தப்புன்னா தப்பு இல்லையா சார்?

எனக்கு ஒரு லெட்டர் குடுத்தாங்க. மேற்படி தணிகாசலம் என்பவருக்குத் தடுப்பூசி செலுத்தப்படவில்லை, பதிவு ரத்து செய்யப்படுகிறது, கையெழுத்து, சீலு. ஊசி போடலைன்னு கவர்மெண்டு சீல் வச்சு லெட்டர் வாங்கின ஆளு இந்தத் தமிழ்நாட்டுல நான் ஒருத்தன்தான் இருப்பேன். லேமினேஷன் பண்ணிக் கடையில மாட்டிட்டேன்.

சிரிக்காதீங்க சார். சிரிக்கலையா? சரி, சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

தை மாசம் வந்துச்சு. கட்டுப்பாடு எடுக்கலை. நான் அந்த லெட்டரையே கழட்டி எடுத்துக்கிட்டு இதே ஏர்போர்ட்டுக்கு வந்தேன். இதே வாசல். கவுண்டர்ல ஒரு பொண்ணு, சின்னப் பொண்ணு, 'சர்டிபிகேட் இருக்கா சார்?'னு கேட்டுது. லெட்டரை வச்சேன். ரெண்டு தடவை படிச்சுது. 'சார், இதுல போடலைன்னு போட்டிருக்கே?' 'ஆமாம்மா, கவர்மெண்டே சொல்லுது பாரு.' 'போடலைன்னா டெஸ்ட் ரிப்போர்ட் வேணும் சார். அங்க பக்கத்துலயே எடுக்கறாங்க, சீக்கிரம் குடுத்துடுவாங்க'ன்னு கையைக் காட்டுது. நான் கவுண்டர் முன்னாடி தரையில உக்காந்துட்டேன். தர்ணா. ஒரு மணி நேரம் உக்காந்தேன். யாரோ வீடியோ எடுத்தாங்க, எங்க குரூப்ல அது பயங்கரமா ஓடுச்சு. பிளைட் போயிடுச்சு.

தாரணிக்குப் பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் மடியில உக்கார வச்சுக் காது குத்தினாங்க. வங்காளி சார்! குணாளனோட ஒர்க் ஷாப்ல வேலை பாக்கறவரு. நம்ம முறை என்னா, அவர் முறை என்னா? போட்டோ அனுப்பினாங்க. வேட்டி கட்டத் தெரியாம பேண்டு மேல துண்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. குழந்தை வாயைப் பொளந்துக்கிட்டு அழுவுது, அது அழறதைப் பாத்து அந்த ஆளும் அழறாரு. இன்னைக்கு வரைக்கும் தாரணி அவரைத்தான் மாமான்னு கூப்புடுது. என்னை, 'மதுராந்தகம் மாமா'ன்னுது. மாமாவுக்கு முன்னாடி ஊர் பேரு எதுக்கு சார்? மாமான்னா மாமாதானே?

அதுக்கப்புறம் பூங்கோதை என்கூடப் பேசறதை நிறுத்திடுச்சு. நான் போன் பண்ணா எடுக்காது. மல்லிகாகிட்ட மட்டும் பேசும். எனக்கு ஒண்ணும் புரியலை. நியாயப்படி பாத்தா என்னைத் தடுத்தவன் மேலதானே கோவம் வரணும்? போன வருஷம் ஒரு நாள் சாப்பிடும்போது மல்லிகா வாயை விட்டுட்டா. நர்சம்மாகிட்ட எழுதச் சொல்லிக் கெஞ்சினதே பூங்கோதைதானாம். போர்ட் பிளேர்லேருந்து போன் போட்டு, எங்கண்ணன் மடி இல்லாம என் பொண்ணுக்குக் காது குத்த மாட்டேன்னு அழுதுச்சாம். அவங்க முதல்ல, அதெல்லாம் பாவம்மா, என்னால ஆவாதுன்னு சொல்லியிருக்காங்க. இது ஒரு வாரம் விடாம அழுதிருக்கு. என் ஆதார் நம்பரைக் குடுத்ததும் இதுதான்.

விசாரணையில அவங்க அதைச் சொல்லவே இல்லை சார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மனுவை வாபஸ் வாங்கியிருப்பேன் இல்ல? சொன்னாத்தானே தெரியும்? எல்லாரும் சேர்ந்து என்கிட்ட மறைச்சுட்டு, கடைசியில நான் கெட்டவன். மூணு பொம்பளைங்க சேர்ந்து என் பேர்ல, எனக்குத் தெரியாம, எனக்கு ஊசி போட்டிருக்காங்க. சொல்லுங்க, இதுல ஏமாந்தவன் யாரு?

தண்ணி இருக்கா சார்? ஒரு வாய் குடுங்க. நெஞ்சு காயுது.

இப்பப் பாருங்க, எல்லாக் கட்டுப்பாடும் போயிடுச்சு. எந்த ஊருக்குப் போனாலும் ஊசியா, டெஸ்ட்டான்னு ஒருத்தனும் கேக்கறதில்லை. அந்த போர்டெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. ஜெயிச்சது நாங்கதான்னு குரூப்ல போட்டேன். ஒருத்தரும் பதில் போடலை, முக்காவாசிப் பேரு எப்பவோ வெளிய போயிட்டிருக்காங்க. இந்தச் சமயம் ரெண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து வருது. போன வாரம் பூங்கோதையே போன் பண்ணுச்சு. மூணு வருஷத்துக்கு அப்புறம் அண்ணான்னு கூப்புடுது. கடையில ஆள் இருந்தாங்க, வெளிய வந்து பேசினேன்.

'வாண்ணா. வந்து முன்னாடி உக்காந்து பாரு. சாப்பிடு. ஆனா மடி பிஸ்வாஸ் அண்ணனோடது'ன்னுச்சு. என் உசுரே போன மாதிரி இருந்துச்சு. 'நான் இருக்கும்போதா?'ன்னேன். நர்சம்மாவை அது அக்கான்னுதான் கூப்புடும். சொல்லுது, 'அமலா அக்கா கூடுவாஞ்சேரியில மகன் வீட்டுல இருக்காங்க. நேர்ல போயி அவங்ககிட்ட மன்னிப்புக் கேளு. கேட்டுட்டு வா. கையோட உன் மடியில வைக்கிறேன்.'

பாத்தீங்களா? மறுபடியும் சீட்டு! கவர்மெண்டு விட்டாலும் என் தங்கச்சி விடமாட்டேன்னுது. இதைக் கொண்டா, அப்புறம் உள்ள வான்னா என்னா அர்த்தம்? ஆனா சரின்னுட்டேன். மடி வேணுமே சார். எனக்குக் குழந்தை இல்லை. அதைச் சொல்லலை இல்ல உங்ககிட்ட? இல்லை. மல்லிகாவுக்கும் எனக்கும் இல்லை. இந்த மடியில யாராச்சும் உக்காரணும்னா பூங்கோதை குழந்தைங்கதான் உக்காரணும்.

நேத்து மத்தியானமே வீட்டை விட்டுக் கிளம்பிட்டேன். கூடுவாஞ்சேரியில இறங்கி விசாரிச்சுக்கிட்டே போனேன். சின்ன வீடுதான், வாசல்ல பச்சை கேட்டு. நேரா எதிர்ல ஒரு டீக்கடை. ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்னு நின்னேன். அப்புறம் இன்னொண்ணு. மூணாவது டீ வாங்கும்போது கேட்டைத் திறந்துக்கிட்டு அவங்களே வெளிய வந்தாங்க. தலை பூரா வெளுத்துப் போச்சு. கொஞ்சம் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கறாங்க. தெருவை இப்படிப் பாத்தாங்க, அப்படிப் பாத்தாங்க, நான் நின்ன பக்கமும் பாத்தாங்க. கண்ணு சரியாத் தெரியாது போல. உள்ள போயிட்டாங்க. கேட்டைக்கூட மூடலை. வயசாயிடுச்சு இல்ல, மறந்திருப்பாங்க. அரை மணி நேரம் அப்படியே திறந்து கிடந்துச்சு. நானும் பாத்துக்கிட்டே நின்னேன்.

போவலை சார். என்னான்னு சொல்றது? 'உங்க வேலையைக் கெடுத்தேன், மன்னிச்சுக்குங்க'ன்னா, அப்ப நான் அன்னைக்குப் பண்ணது தப்புன்னு ஆயிடும் இல்ல? தப்பு இல்லையே! கன்னியப்பன், குரூப்பு, அந்தத் தர்ணா, எல்லாம் தப்புன்னு ஆயிடுமே. ரயிலேறி பல்லாவரத்துல சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்துட்டேன்.

சாயங்காலம் பூங்கோதை கேட்டுச்சு, 'பாத்தியாண்ணா?' கேட்டுட்டேன்னு சொல்லிட்டேன். வாய்க்குள்ளேருந்து தானா வந்துடுச்சு. 'நிஜமா?'ன்னுச்சு. நிஜமான்னேன். சின்னப் பொய்தான். குழந்தை காது நல்லபடியா குத்தணும், தங்கச்சி மனசு நிறையணும். யாருக்கு நஷ்டம்?

என்னா பாக்கறீங்க?

இல்லை சார், அதுவும் இதுவும் ஒண்ணு கிடையாது. எப்படி ஒண்ணாவும்? அவங்க பண்ணது கவர்மெண்டு ரெஜிஸ்தர்ல. நான் சொன்னது வாய் வார்த்தை. அவங்க சம்பளம் வாங்கிக்கிட்டு எழுதினாங்க. நான்... நீங்க சுலபமா சொல்லிட்டீங்க. நீங்க யாரு, என்னா வேலை பாக்கறீங்க, எதுவும் எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் முன்னாடி வந்து உக்காந்தீங்க. எனக்குத் தீர்ப்புச் சொல்றீங்க.

கோச்சுக்காதீங்க. உக்காருங்க. நேரம் என்னா? ஒன்பது அம்பதா? இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு பாருங்க. பிளைட் ஒழுங்காக் கிளம்பியிருந்தா இந்நேரம் உள்ள போயி உக்காந்திருப்பேன், உங்ககிட்ட இதெல்லாம் பேசியிருக்கவே மாட்டேன்.

இருங்க சார், போனு. தங்கச்சிதான்.

சொல்லும்மா. இல்ல, இன்னும் ஏறலை. லேட்டு, ஒண்ணே முக்காலுக்காம். சாப்பிட்டேன் சாப்பிட்டேன். ஆங்? யாருக்கு? நீ எதுக்கு அவங்களுக்குப் போன் பண்ணே? எப்ப, இப்பவா? என்னா சொன்னாங்க? இல்லம்மா, என்னா சொன்னாங்கன்னு கேக்கறேன். ம். ம். காபியா? ஆமா. ஆமா, குடிச்சேன். சக்கரை கம்மியாத்தான் இருந்துச்சு. எதுக்கு இப்ப அழுவறே? வேணாம்மா, அழுவாத. சரி. வச்சுடறேன். சரி.

பாத்தீங்களா சார்? பாத்தீங்களா? மறுபடியும் எழுதிட்டாங்க! நன்றி சொல்லலாம்னு இது காலையில போன் பண்ணியிருக்கு. அவங்க சொல்றாங்களாம், 'ஆமாம்மா, உங்கண்ணன் வந்தாரு. உள்ள வந்து உக்காந்து பேசினாரு. மனசாரக் கேட்டாரு, எனக்கு ஒரு குறையும் இல்லை. காபி குடிச்சுட்டுத்தான் போனாரு. குழந்தையைத் தாராளமா அவர் மடியில வைம்மா.' நடக்கவே நடக்காததை நடந்ததா, போடாத ஊசியைப் போட்டதா எழுதின மாதிரியே, ஒரு வார்த்தை பிசகாம! இந்த அம்மாவுக்கு அறிவு இருக்கா சார்? ஒரு தடவை பட்டது போதாதா? எனக்காக... எவன் கேட்டான் இவங்களை? நான் கேட்டேனா?

இருங்க. ஒண்ணும் இல்லை. கண்ணுல தூசி எல்லாம் இல்லை, அழறேன்தான். விடுங்க.

போன தடவை மறுநாளே செங்கல்பட்டுக்குப் போயி மனு குடுத்து ரத்து பண்ணேன். இந்தத் தடவை யாருகிட்ட போயி சார் மனு குடுப்பேன்? தங்கச்சிக்குப் போன் பண்ணி, அவங்க சொன்னது பொய்யின்னா, மறுபடியும் அவங்களைத்தான் மாட்டி விடறேன். கம்முனு ஏறிப் போயி உக்காந்தா, அந்தக் குழந்தையை என் மடியில வைப்பாங்க. ரெண்டரை வயசு. அது கனம் கனக்கும் இல்ல? அதைப் பிடிச்சுக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட உக்காருவேன்?

திரிசூலம் ஸ்டேஷன் அதோ எதிர்லதானே? கூடுவாஞ்சேரிக்கு எவ்வளவு நேரம் ஆவும், முப்பத்தஞ்சு, நாப்பது நிமிஷமா? கவுண்டரை எப்ப மூடுவான்? பன்னெண்டே முக்காலுக்கா. வண்டி உடனே கிடைச்சா வந்துடலாம். கிடைக்கலைன்னா? கிடைக்கலைன்னா மடி பிஸ்வாஸோடதுதான். அந்த ஆளும் குழந்தை அழுதா கூட அழற ஆளுதானே, இருக்கட்டும்.

பையை நீங்க பாத்துக்க வேணாம் சார், நானே தூக்கிட்டுப் போறேன், ஏழு கிலோகூட இல்லை. குடிச்சேன்னு சொல்லிட்டேன். போயி அந்தக் காபியைக் குடிச்சுட்டு வந்துடறேன்.